மிருணாவின் ஞாயிற்றுக்கிழமை ஊர்கள்

2 மார்ச் 2025, ஞாயிறு

டிக்கெட் எடுத்தாயிற்று. யூன் 20 புறப்பட்டு 21 பாரிஸ். பத்து நாட்கள். எடுத்து முடித்ததும் சந்தோஷம் வரும் என்று நினைத்திருந்தேன், கொட்டாவிதான் வந்தது. முதுகு விட்டுப்போயிருக்கிறது. வெள்ளிக்கிழமை முழுக்க ஏதோ ஒரு ஹோட்டலுக்கான திரைச்சீலைகள், லைனிங் போட்ட கனத்த துணி. இந்தத் திரை தைக்கும் பட்டறையில் குனியத் தொடங்கிப் பதினான்கு வருடம். என் வீட்டு யன்னல்களில் இன்னும் வீட்டுக்காரன் மாட்டிவிட்ட பிளாஸ்டிக் பிளைண்ட்தான் தொங்குகிறது.

காலையில் இங்கே சிட்னி மேய்ஸ் ஹில் கோயிலுக்குப் போய் தங்கச்சியின் பெயருக்கும் அவள் புருஷனின் பெயருக்கும் அர்ச்சனை செய்தோம். மிருணாளினி, மகேந்திரராஜா. 2006இல் திருச்சியில் நடந்த கலியாணம். நான் பேசிச் செய்து வைத்தது. என்னோடு படித்த விஜயாவின் தம்பி. அவனுக்கு பிரான்சில் இருக்கப் பேப்பர் இருந்தது, இவளுக்கு வயது முப்பதை நெருங்கிக்கொண்டிருந்தது, நான்தான் இரண்டு பக்கமும் போன் அடித்து அடித்து முடித்து வைத்தேன். தாலி கட்டிய மூன்றாம் நாள் விமான நிலையத்தில் அவளைக் கடைசியாகக் கண்டது. பத்தொன்பது வருடம்! போனில் கண்டதெல்லாம் கண்டதில் சேராது.

இவர் பாரிசுக்கு வரவில்லை. பஸ் ஓட்ட ஆளில்லையாம், லீவு தரமாட்டார்களாம். போகட்டும். அக்காவும் தங்கச்சியும் இருந்து கதைக்க நடுவில் ஓர் ஆம்பிளை எதற்கு?

5 மார்ச், புதன்

மிருணாவிடம் யன்னல் அளவு கேட்டு எழுதினேன். அவள் வீட்டுக்கு என் கையால் திரை தைத்துக் கொண்டுபோகப் போகிறேன். அவள் வாசித்ததற்கு வாட்ஸ்அப்பில் நீலக் கோடு இரண்டும் விழுந்துவிட்டது. பதில் இல்லை.

9 மார்ச், ஞாயிறு

அளவு கேட்டால் ஊர்ப்பட்டியல் அனுப்புகிறாள்.

"புரோவான் — சுத்திவர மதில், மேல ஏறி நடக்கலாம், ரோசாப்பூவில ஜாம் விப்பினம். மொரே — ஆறு, பாலம், பாலத்தில பழைய மில். கிறெசி — தண்ணிக் கரையில வீடு வீட்டுக்கு ஒரு சின்னப் பாலம், சனமே இல்லை. தூர்தான் — கோட்டை, சந்தை, இருந்து ஆற நல்ல மர வாங்கு. எல்லாம் காலமை போயிட்டுப் பின்னேரம் வரலாம் அக்கா. பாரிஸ்காரருக்கே தெரியாத இடங்கள்."

பாரிஸ்காரருக்கே தெரியாத இடத்தில் எனக்கு என்ன வேலை? அந்த இரும்புக் கோபுரம் பட்டியலில் இல்லவே இல்லை. நான் அவளைப் பார்க்கப் போகிறேன். அவள் குசினியில் ஒரு கதிரையைப் போட்டுக்கொண்டு, அவள் சமைக்க நான் வெங்காயம் உரித்துக்கொண்டு கதைக்கத்தான் இருபத்துநாலு மணித்தியாலம் பறந்து போகிறேன். இவள் என்னை ரயிலில் ஏற்றி ஊர் ஊராய்க் கொண்டு திரியப் பார்க்கிறாள்.

இவரிடம் காட்டினேன். "உன்னை வீட்டில வைச்சிருக்கப் பயப்பிடுறாள் போல" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

16 மார்ச், ஞாயிறு

இன்றைக்கு வாய் புளித்ததோ மாங்காய் புளித்ததோ என்று பேசிவிட்டேன். ஆனால் பிழை என் பக்கம் மட்டும்தானா?

போன் எடுத்ததும் சொல்கிறாள்: "அக்கா, கார் து லெஸ்ட் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில ஒரு ஹோட்டல் பார்த்து வைச்சிருக்கிறன். சின்னது, ஆனால் துப்புரவு."

எனக்கு முதலில் விளங்கவில்லை. யாருக்கு ஹோட்டல்? எனக்காம்.

"ஏன் பிள்ளை, உன்ர வீட்டில எனக்கு ஒரு பாய் விரிக்க இடமில்லையோ?"

வீடு திருத்தும் வேலை நடக்கிறது என்றாள். யூன் வரைக்குமா என்று கேட்டேன். ஓம் என்றாள். உன் புருஷன் எங்கே, அவருடன் கதைக்கிறேன் என்றேன். கடையில் நிற்கிறாராம். எப்போது கேட்டாலும் கடையில்தான் நிற்கிறார் அந்த மனிதர்.

"கூடப்பிறந்தவளைக் கொண்டுபோய் ஹோட்டலில விடுற அளவுக்கு நீ பிரெஞ்சுக்காரி ஆயிட்டாய்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டேன். எங்கள் ஆட்கள் லண்டனிலோ கனடாவிலோ போய் ஹோட்டலில் தங்கினால் ஊர் என்ன சொல்லும்? சொந்தம் பந்தம் இல்லாதவர்கள் என்று சொல்லும். அதைவிட — வேண்டாம். படுக்கப் போகிறேன்.

18 மார்ச், செவ்வாய்

மதிய இடைவேளையில், பாரிசில் இருக்கும் விஜயாவுக்கு போன் எடுத்தேன். வருடத்துக்கு ஒருமுறை, சித்திரை வருடப்பிறப்புக்குத்தான் கதைக்கிறது. மிருணா வீட்டில் திருத்த வேலை, உன்னுடன் நிற்கலாமா என்று கேட்டேன். கொஞ்சம் தயங்கினமாதிரி இருந்தது. பிறகு, "அதுக்கென்ன தாட்சா, கட்டாயம் வா, நீ வாறது எங்களுக்குத்தான் பெருமை" என்றாள். மனம் குளிர்ந்துவிட்டது. சம்பந்தி வீட்டு ஆட்களுக்கு இருக்கிற மரியாதை என் சொந்தத் தங்கச்சிக்கு இல்லை.

மிருணாவுக்கு ஒரு வரி எழுதினேன். "ஹோட்டல் வேண்டாம். விஜயா வீட்டில நிக்கிறன்." அவளுக்கும் கொஞ்சம் உறைக்கட்டும்.

19 மார்ச், புதன்

பதில் வந்தது. "சரி அக்கா." அவ்வளவுதான்.

23 மார்ச், ஞாயிறு

இன்று துணியில் கத்தரி வைத்துவிட்டேன்.

எங்கள் பட்டறையில் லான் என்ற வியட்நாம் பெண்தான் மேற்பார்வை. அவளுக்கு ஒரே ஒரு சட்டம்: துண்டு இல்லாமல் துணி வெட்டக்கூடாது. துண்டு என்றால் அந்த மஞ்சள் தாள். பெயர், ஊர், எந்த அறை, எத்தனை யன்னல், அகலம், உயரம், அளந்தது யார். ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் துணியைச் சுருட்டித் திரும்ப வைத்துவிடுவாள். புதிதாக வருகிற பெண்களுக்கு இதைச் சொல்லிக்கொடுப்பது நான்தான். ஊருக்கெல்லாம் பலன் சொன்ன பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்த கதையாக, நானே அளவில்லாமல் வெட்டியிருக்கிறேன்.

2013இல் மிருணா அனுப்பிய படங்களைப் பார்த்துத்தான் வெட்டினேன். பாரிஸ் புறநகர் போபினியில் அவர்கள் வாங்கிய வீடு. முன் ஹோலில் இரண்டு பெரிய யன்னல், படுக்கையறைகளில் இரண்டு. ஒரு படத்தில் யன்னலோடு சாய்ந்து நிற்கிறாள். அவள் உயரம் எனக்குத் தெரியும், ஐந்தடி இரண்டங்குலம். அதை வைத்துக் கணக்குப் போட்டேன். நான்கு யன்னல், எட்டுத் திரை. சந்தன நிறம், அடியில் கையகலத்துக்கு அரக்குக் கரை. கீழ் மடிப்பைத் தாராளமாக விட்டிருக்கிறேன், நீளம் காணாவிட்டால் அவிழ்த்து இறக்கலாம்.

கோபத்தில் இருக்கிறவள் ஏன் திரை தைக்கிறாள் என்று இவர் கேட்டார். கோபம் வேறு, திரை வேறு.

14 ஏப்ரல், திங்கள்

வருடப்பிறப்பு. மிருணா போன் எடுக்கவில்லை. கைகூப்பிய படம் ஒன்று அனுப்பினாள். நானும் ஒன்று அனுப்பினேன். இரண்டு பேரும் படங்களைப் பரிமாறிக்கொண்டு வருடத்தைத் தொடங்கியிருக்கிறோம்.

11 மே, ஞாயிறு

எட்டாவது திரையும் முடிந்தது. கண் எரிகிறது. வேலையிலும் திரை, வீட்டிலும் திரை. மகள் பிரவீணா மெல்பேர்ணிலிருந்து போன் பண்ணி, "அம்மா, வை டோன்ட் யூ ஜஸ்ட் ரெஸ்ட்?" என்றாள். அங்கே ஸ்பிரிங்வேலில் நல்ல புழுங்கல் அரிசி கிடைக்கிறதாம், அதையும் சொன்னாள். ரெஸ்ட் எடுக்கத்தான் போகிறேன் பிள்ளை, பாரிசுக்கு.

19 யூன், வியாழன்

பெட்டி இருபத்தொன்பது கிலோ. அதில் என்னுடைய உடுப்பு ஆறு கிலோகூட வராது. மிச்சம் திரையும் மிளகாய்த்தூளும்தான்.

21 யூன், சனி — பாரிஸ்

இரவு ஒன்பதரை. இன்னும் வெயில். விஜயா வீட்டுக் குளியலறையில், மூடிய கொமட்டின் மேல் இருந்து எழுதுகிறேன். வெளியே இருந்தால் அழுதுவிடுவேன்.

ஒழுங்காக எழுதவேண்டும்.

விமான நிலையத்துக்கு இரண்டு பக்கத்தாரும் வந்திருந்தார்கள். விஜயாவும் அவள் புருஷனும் காரோடு. மிருணா தனியாக, கையில் ஒரு போத்தல் தண்ணீரும் கடதாசியில் சுற்றிய மூன்று மீன் ரோல்சும். தலைமயிரைக் கட்டையாக வெட்டியிருக்கிறாள். முன்பக்கம் நரைத்துவிட்டது. என்னைக் கட்டிப்பிடித்தாள், விடவில்லை. நாற்பத்தேழு வயதிலும் தோள் எலும்பு குத்துகிறது. பிறகு, "நாளைக்கு எட்டு மணிக்கு கார் து லெஸ்டில நிக்கிறன் அக்கா" என்றுவிட்டு ரயில் பக்கம் போய்விட்டாள். காரில் இடம் இருந்தது. அவளும் விஜயாவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவேயில்லை. அப்போதுகூட எனக்கு உறைக்கவில்லை. பயணக் களைப்பு என்று என்னையே சமாதானப்படுத்திக்கொள்ளலாம்.

ஐந்து மணிபோல மணி அடித்தது. மகேந்திரராஜா. கன்னம் வைத்து, நன்றாக இருந்தான். பின்னால் ஓர் இளம் பெண், இடுப்பில் ஒரு குழந்தை. "சுகமோ அக்கா, பயணமெல்லாம் எப்பிடி" என்றான். நான் கதவுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன். மிருணாவைத் தேடினேன். "மிருணா வரேல்லையோ?" என்று கேட்டேன். கேட்டேன், கடவுளே, அந்தப் பிள்ளையின் முன்னாலேயே கேட்டேன். அவள் குழந்தையை மறுபக்கம் மாற்றிக்கொண்டாள்.

விஜயா என்னைக் குசினிக்குள் கூட்டிப்போனாள்.

"ரெண்டு பேரும் பிரிஞ்சு நாலு வருசமாச்சு தாட்சா. டிவோர்ஸ் பேப்பரெல்லாம் முடிஞ்சுதான் இவளைக் கட்டினவன். பிள்ளை இல்லையெண்டு இவன் பட்ட பாடு உனக்குத் தெரியாது. உனக்கு விசயம் தெரியும், தெரிஞ்சுதான் எங்கட வீட்ட வாறாய் எண்டு நினைச்சம். நீ எங்கட பக்கம் நிக்கிறாய் எண்டு தம்பிக்குச் சரியான சந்தோசம்."

நான் இவர்கள் பக்கமாம்.

மிருணாவும் அப்படித்தான் நினைத்திருப்பாள். மார்ச்சிலிருந்து அப்படித்தான் நினைத்துக்கொண்டு இருந்திருப்பாள். சரி அக்கா என்று எழுதினாளே. என்னத்தைச் சரி என்றாள்?

மேசையில் பெட்டிசும் கேக்கும் வைத்தார்கள். குழந்தை என் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தது. குழந்தையில் என்ன பிழை? நான் ஒரு பெட்டிசைத் தின்றேன்.

22 யூன், ஞாயிறு

எட்டு மணிக்கு மிருணா மணிக்கூட்டுக்குக் கீழே நின்றாள். தோளில் துணிப்பை. "கிறெசிக்குப் போவம்" என்றாள், நான் எதையும் கேட்பதற்கு முன்னால்.

ரயிலில் அரை மணித்தியாலம் இரண்டு பேரும் வெளியே பார்த்துக்கொண்டு வந்தோம். எஸ்பிளி என்ற இடத்தில் இறங்கிச் சின்ன ரயில் ஒன்றில் ஏறினோம். வயல், குதிரை, தக்காளி காய்த்த வீட்டுப் பின்புறக் கோடிகள். ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் ஆட்கள் குறைந்துகொண்டே போனார்கள். கடைசியில் பெட்டியில் நானும் அவளும் ஒரு கிழவரும் அவர் நாயும்.

அவள் எழுதியது உண்மைதான். ஊரைச் சுற்றி ஒடுக்கமான வாய்க்கால், தண்ணீர் ஓசையே இல்லாமல் போகிறது. ஒவ்வொரு வீட்டுக்கும் தனியாக ஒரு பாலம், இரண்டு பேர் சேர்ந்து நடக்க முடியாத அகலம். பாலத்துக்குப் பாலம் பூச்சட்டி. அவள் இடத்துக்கு இடம் நின்று காட்டினாள். இந்த வீட்டில் ஒரு சிவப்புப் பூனை இருக்கும், இந்தப் படிக்கட்டில் முந்தி உடுப்புத் தோய்ப்பார்களாம், இந்த வாங்கில் பன்னிரண்டு மணிக்குப் பிறகுதான் நிழல் விழும். எத்தனை தரம் வந்திருந்தால் நிழல் விழுகிற நேரம் தெரியும்?

அந்த வாங்கில் உட்கார்ந்தோம். பையிலிருந்து புட்டும் கத்தரிக்காய்ப் பொரியலும் எடுத்தாள். நான் தொடவில்லை.

"ஆர் சொன்னது?" என்று கேட்டாள்.

"அவனே வந்தவன். பிள்ளையோட."

தலையாட்டினாள். பிறகு கதைத்தாள். இழுத்துச் சொல்லவில்லை, கடைக்குப் போய் வந்ததைச் சொல்வது மாதிரிச் சொன்னாள். வீடு அவனிடம். இவள் ஒரு பள்ளிக்கூடக் குசினியில் வேலை. இருப்பது ஆறாம் மாடியில் ஓர் அறை, லிஃப்ட் இல்லை, கட்டிலை மடித்தால்தான் கதவு முழுதாகத் திறக்கும். வேலைநாளில் பரவாயில்லை, படுக்கத்தானே போவது. ஞாயிற்றுக்கிழமைதான் கஷ்டம். முதல் வருடம் ஞாயிறு முழுக்கக் கட்டிலில் இருந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாளாம். அவள் வேலைக்குப் போக எடுக்கிற மாதக் கார்ட் ஒன்று இருக்கிறது. அதைக் கொண்டு சுற்றுவட்டாரத்தில் எந்த ரயிலிலும் கடைசி ஸ்டேஷன் வரைக்கும் போகலாம் என்று கூட வேலை செய்யும் ஓர் அல்ஜீரியப் பெண் சொல்லியிருக்கிறாள். அன்று தொடங்கியது. ஒவ்வொரு ஞாயிறும் ஒரு பாதை, பாதை முடியுமட்டும். மூன்று வருடத்தில் முடியாத பாதை இல்லை.

"ஏனடி எனக்குச் சொல்லேல்லை?"

"நீங்கள் செய்து வைச்ச கலியாணம் அக்கா. ஆரைக் கண்டாலும் அதைச் சொல்லிப் பெருமைப்படுவீங்கள். அதை நானே உடைச்சுப்போட்டன் எண்டு சொல்ல வாய் வரேல்லை."

எனக்கு வெட்கமாக இருந்தது. கோயிலில் அர்ச்சனைக்குப் பெயர் சொன்னது, விஜயாவிடம் போய் இடம் கேட்டது, பிரெஞ்சுக்காரி என்று ஏசியது, எல்லாம் ஒன்றாய் வந்து நெஞ்சில் இருந்தன.

அவள்தான் திரும்பக் கதைத்தாள். "அக்கா வாறா, அக்காவுக்கு என்னத்தைக் காட்டுறது எண்டு யோசிச்சன். வீடு இல்லை. என்னட்ட இருக்கிறது இந்த ஊருகள்தான்."

அதற்குமேல் என்னால் முடியவில்லை. அழுதேன். ஐம்பத்துமூன்று வயதில், தெரியாத ஊர் வாங்கில், மூக்கு ஒழுக ஒழுக. நாயோடு வந்த கிழவர் தூரத்தில் நின்று பார்த்துவிட்டு வேறு பக்கம் போனார். மிருணா ஒரு டிஷ்யூவை எடுத்துத் தந்தாள். எங்கள் வீட்டில் யாரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லை. எந்தச் சொல்லால் கேட்பது என்றும் தெரியவில்லை. மூக்கைத் துடைத்துவிட்டு,

"அந்த ஹோட்டல் இப்பவும் கிடைக்குமோ?" என்று கேட்டேன்.

அவள் என்னைப் பார்த்தாள். முதலில் வாய் கோணியது, பிறகு சிரித்துவிட்டாள். நானும். புட்டு ஆறிப்போயிருந்தது, இரண்டு பேரும் வழித்துச் சாப்பிட்டோம்.

23 யூன், திங்கள்

விஜயா வீட்டை விட்டு வந்துவிட்டேன். "வீடு இருக்க ஹோட்டலுக்குப் போனாய் எண்டு சனம் எங்களைத்தான் கதைக்கும்" என்று சொன்னாள். முகம் கறுத்துவிட்டது. அவளைப் பிழை சொல்லவும் மனமில்லை, அவளுக்கு அவள் தம்பி. அந்தக் கோபத்திலும் மீன் கட்லட் பொதி ஒன்றைக் கையில் திணித்தாள். பெட்டியைத் தூக்கிக் காரில் வைக்கும்போது அவள் புருஷன் முனகினார். திரைகள்.

ஹோட்டல் அறை சின்னது. துப்புரவு. பெட்டியை மூலையில் வைத்துச் சால்வையால் மூடியிருக்கிறேன், கண்ணில் படாமல்.

25 யூன், புதன்

மிருணாவுக்கு வேலை. எனக்கு வழி எழுதித் தந்து தூர்தானுக்குத் தனியே அனுப்பினாள். எந்த மேடையில் நிற்பது, பலகையில் எந்தப் பெயரைப் பார்ப்பது, எந்தப் பக்கம் இருந்தால் வெயில் அடிக்காது — எல்லாம் தாளில்.

கோட்டையைப் பார்த்தேன். உள்ளே போகவில்லை, முழங்கால் ஒத்துக்கொள்ளவில்லை. அவள் சொன்ன வாங்கைக் கண்டுபிடித்து இருந்தேன். கட்லட் சாப்பிட்டேன். பக்கத்தில் ஒருவர் குடும்பத்தோடு ஐஸ்கிறீம் நக்கிக்கொண்டு போனார். ஒரு மணித்தியாலம் ஆகியிருக்கும் என்று நினைத்து மணி பார்த்தால் பதினைந்து நிமிடம்கூட ஆகவில்லை. கதைக்க ஆளில்லாத இடத்தில் நேரம் இப்படித்தான் போகும் போல. நாலு வருடம் எத்தனை ஞாயிறு என்று கணக்குப் பார்க்கத் தொடங்கி விட்டுவிட்டேன்.

27 யூன், வெள்ளி

உன் அறையைக் காட்டு என்று கேட்டேன். "ஆறு மாடி ஏற உங்கட முழங்கால் விடாது" என்றாள். முழங்கால் அல்ல காரணம். நான் வற்புறுத்தவில்லை. முன்பென்றால் வற்புறுத்தியிருப்பேன்.

29 யூன், ஞாயிறு

மொரே. பாலத்தில் நின்று இரண்டு பேரும் படம் எடுத்தோம். ஒரு சீனப் பிள்ளை எடுத்துத் தந்தது. படத்தில் மிருணா எங்கள் அம்மாவைப் போல இருக்கிறாள் என்று சொன்னேன். தான் அல்ல, நான்தான் அம்மா மாதிரி ஏசுகிறேன் என்றாள். ஆற்றுக்குள் வாத்துகள் சண்டை. காலை நனைத்துக்கொண்டு இருந்தோம், வெக்கை தாங்க முடியவில்லை.

திரும்பும்போது ரயிலில் கேட்டாள். "யன்னலுக்குக் கேட்டின் தைக்கிறன் எண்டு சொன்னீங்கள்?"

"பெட்டி பாரம் எண்டு விட்டிட்டு வந்திட்டன்."

"ம்" என்றாள். பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லை, யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

1 யூலை, செவ்வாய்

விமான நிலையம். பெட்டியைத் தராசில் மிருணாதான் தூக்கி வைத்தாள். இருபத்தேழு கிலோ. மிளகாய்த்தூள் போக மிச்சம். அந்த எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றாள். கட்டிப்பிடித்தபோது காதுக்குள், "போயிட்டு வாங்கோ அக்கா" என்றாள்.

6 யூலை, ஞாயிறு — நார்த்மீட், சிட்னி

குளிர். துணி மெஷினில் சுழல்கிறது. நாளை வேலை. எட்டுத் திரைகளையும் அலுமாரியின் அடித்தட்டில் வைத்தேன். இவரிடம் எல்லாம் சொன்னேன். அவளை இங்கே கூப்பிடுவோமா என்று கேட்டார். கேட்டேன், வரமாட்டாளாம், வேலை இருக்கிறதாம் என்றேன். அவர் எழும்பிப் போய்த் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்தார். கலியாணம் கட்டி இருபத்தெட்டு வருடத்தில் கேட்காமல் போட்ட முதல் தேத்தண்ணி. சீனி அதிகம். குடித்தேன்.

8 யூலை, செவ்வாய்

பட்டறை. லான் பயணம் எப்படி என்றாள். நல்ல ஊர்கள் என்றேன்.

20 யூலை, ஞாயிறு

கோயில். அர்ச்சனைக்கு யார் பெயர் என்று ஐயர் கேட்டார். மிருணாளினி என்றேன். அடுத்த பெயருக்குக் காத்து நின்றார். அவ்வளவுதான் என்றேன்.

வாசலில் நின்ற ஒரு அன்ரி, தங்கச்சி குடும்பம் சுகமோ, வீடு வாசலெல்லாம் எப்படி என்று விசாரித்தார். "பிரிஞ்சிட்டா அன்ரி. தனிய இருக்கிறா. சுகமா இருக்கிறா" என்றேன். என் வாயாலேயே சொன்னேன். அவர் முகத்தில் என்ன வந்தது என்று பார்க்க எனக்கு அவசரமில்லை, செருப்பைத் தேடினேன்.

10 ஓகஸ்ட், ஞாயிறு

இன்று ஒரு பைத்தியக்கார வேலை பார்த்தேன். இவருக்கு ஞாயிறு டியூட்டி. வீட்டில் இருந்து பிளைண்டைப் பார்த்துக்கொண்டு இருந்தவள், எழும்பி, சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு பரமட்டாவுக்குப் போய் ரயில் ஏறிவிட்டேன். சென்ட்ரலில் மாறி, கயாமாவில் மாறி, பொமடெரி. தெற்குப் பாதையின் கடைசி ஸ்டேஷன். இருபத்தாறு வருடம் சிட்னியில் இருக்கிறேன், அப்படி ஒரு இடம் இருப்பது பலகையில் மட்டும்தான் தெரியும். வழியில் கடல் யன்னலோடு ஒட்டிக்கொண்டு வந்தது. அதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. நானும் யாரையும் கேட்கவில்லை.

தண்டவாளம் முடிகிற இடத்தைப் படம் எடுத்து மிருணாவுக்கு அனுப்பினேன். அங்கே விடிந்திருக்கும். உடனே பதில்.

"கடைசி ஸ்டேஷனோ?"

"ஓம்."

"என்ன இருக்கு அங்க?"

"ஒண்டுமில்லை. ஆறு ஒண்டு இருக்காம். நடக்க முதுகு விடேல்லை."

"அப்ப நல்ல இடம். அடுத்த கிழமை வடக்க போங்கோ. ரயிலில எந்தப் பக்கம் இருந்தா வெயில் அடிக்காதெண்டு எனக்குச் சொல்லுங்கோ."

வீடு வர இருட்டிவிட்டது. உடம்பெல்லாம் அடித்துப் போட்டமாதிரி. ஆனால் இப்படிக் களைத்தது நன்றாகத்தான் இருந்தது.

24 ஓகஸ்ட், ஞாயிறு

டங்கோக், வடக்குப் பக்கத்துக் கடைசி ஸ்டேஷன். மாட்டுப்பண்ணை, ஒரு பேக்கரி. பேக்கரி பூட்டு. மிருணா அங்கே புரோவான் மதிலில் நின்று படம் அனுப்பினாள். ரோசாப்பூ ஜாம் ஒரு போத்தல் எனக்கென்று வாங்கி வைத்திருக்கிறாளாம். எப்படி அனுப்புவாள்? கேட்கவில்லை. இருக்கட்டும் அங்கே.

7 செப்டெம்பர், ஞாயிறு

காலையில் எழும்பிப் பார்த்தால் மிருணாவின் செய்தி.

"அகலம் 64. உயரம் 92. சென்ரிமீற்றர். நானே அளந்தனான், ரெண்டு தரம். யன்னல் ஒண்டுதான் அக்கா."

கீழே ஒரு படம். சரிந்த கூரையில் சின்ன யன்னல். அதற்குக் கீழே மடித்த கட்டில், ஓர் அடுப்பு, சுவரில் ஆணியில் துணிப்பை. யன்னலுக்கு வெளியே தகரக் கூரைகள், புகைபோக்கிகள், நிறைய வானம்.

நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டு இருந்தேன். பிறகு அலுமாரியைத் திறந்து, எட்டில் ஒன்றை எடுத்து மேசையில் விரித்தேன். அரக்குக் கரை வீணாகாமல் இருக்க மேலிருந்து குறைக்க வேண்டும்.

பட்டறையிலிருந்து கொண்டுவந்த மஞ்சள் துண்டு ஒன்று கைப்பையில் கிடந்தது. லானின் சட்டம். ஒவ்வொரு கட்டமாக நிரப்பினேன். பெயர்: மிருணாளினி. ஊர்: பாரிஸ். யன்னல்: 1. அகலம் 64, உயரம் 92. அளந்தது: அவளே.

எந்த அறை என்று ஒரு கட்டம் இருந்தது. 'வீடு முழுவதும்' என்று எழுதினேன். பிறகு கத்தரியை எடுத்தேன்.